சுறாவை நோக்கி நீந்தியவர்கள்

கூட்டம் கரைக்கு ஓடியபோது கடலுக்குள் இறங்கிய சில மனிதர்களின் கதை. அவர்களிடமிருந்து கடற்கரை நகரங்கள் கற்றுக்கொண்ட பாடம்.

‘சுறா!’ என்று ஒரு குரல் எழுந்தால் போதும். ஆயிரம் பேர் குளித்துக்கொண்டிருக்கும் கடற்கரையிலும் சற்று நேரத்தில் தண்ணீருக்குள் ஆள் இருக்காது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள், தடுக்கி விழுந்து எழுந்து ஓடுபவர்கள், கரையில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லி அலறுபவர்கள் என அந்த இடமே கலங்கிப்போகும். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் மட்டும் கடலுக்குள் இறங்கிப் போன சம்பவங்கள் கடந்த நூறாண்டுகளில் பலமுறை நடந்திருக்கின்றன. இறங்கியவர்களில் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் உண்டு. கல்லூரி மாணவி உண்டு. தையல் கடைக்காரரும் உண்டு.

அந்தத் துணிச்சலை வியப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒருவர் உயிரைப் பணயம் வைத்தபின், அடுத்தவர் அப்படிப் பணயம் வைக்க நேராதபடி ஊர் என்ன செய்தது என்றும் கேட்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த வரலாறு முழுமையாகும்.

கயிற்றைக் கட்டிக்கொண்டு பாய்ந்தவர்

1922 பிப்ரவரி 4. சிட்னி நகரின் கூஜி கடற்கரை. ஆஸ்திரேலியாவில் அது கோடைக்காலம் என்பதால் கரையெங்கும் கூட்டம். பாறைகளை ஒட்டிய ஆழமான நீரில் மில்டன் காக்லன் என்ற 18 வயது இளைஞர் நீந்திக்கொண்டிருந்தார். உயிர்காப்பு மன்றத்தைச் சேர்ந்த அவருக்குக் கடல் புதிதல்ல. திடீரென்று ஒரு சுறா அவரைப் பற்றியது. அவர் கைகளால் அதோடு போராடுவதைக் கரையில் இருந்தவர்கள் பார்த்தபடி உறைந்து நின்றார்கள்.

வடக்கு பாண்டை மன்றத்து உயிர்காப்பாளர் ஜாக் சால்மர்ஸ் உடனே இடுப்பில் கயிற்றைக் கட்டச் சொன்னார். கட்டி முடிந்ததும் பாறைகள் மீது ஓடினார். ஈரப் பாறை வழுக்கியதில் விழுந்து அடிபட்டு ஒரு கணம் நிலைகுலைந்தார். எழுந்து நேராகக் கடலில் குதித்தார். நீரில் ரத்தம் கலந்திருந்தது, சுறாவும் அருகிலேயே இருந்தது. காக்லனை எட்டிப் பிடித்து அணைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னாலேயே ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஃபிராங்க் போரப்பேர் குதித்து வந்து கைகொடுத்தார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர்கள் இழுத்தார்கள். மூவரும் பாறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

காக்லனின் கைகள் மிக மோசமாகச் சிதைந்திருந்தன. அவர் பிழைக்கவில்லை.

சால்மர்ஸுக்கு, பிறர் உயிரைக் காக்கத் தன்னுயிரைப் பணயம் வைத்தவர்களுக்கான ஆல்பர்ட் பதக்கம் வழங்கப்பட்டது. பிற்காலத்தில் அது ஜார்ஜ் சிலுவை என்னும் மிக உயர்ந்த விருதாக மாற்றப்பட்டது. பொதுமக்கள் அவருக்காக நிதி திரட்டிக் கொடுத்தார்கள். போரப்பேர் தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தை முதலாக வைத்து டயர் தொழில் தொடங்கினார். பின்னாளில் அவர் மெல்போர்ன் நகரின் மேயரும் ஆனார்.

அதே கூஜியில் ஒரு மாதம் முடிவதற்குள் இன்னோர் இளைஞரைச் சுறா கொன்றது. பதக்கம் கொடுப்பதால் மட்டும் கடற்கரை பாதுகாப்பாகிவிடாது என்பதை நகரம் உணரத் தொடங்கியது. 1929இல் கூஜியில் குளிக்கும் பகுதியைச் சுற்றிச் சுறாத் தடுப்பு வலை அடைப்பு அமைந்தது. 1937இல் சிட்னி கடற்கரைகளுக்கு வெளியே வலைகள் போடும் திட்டம் தொடங்கியது.

இதற்கிடையே 1927 ஜனவரி 3 அன்று, சிட்னிக்குத் தெற்கே போர்ட் ஹாக்கிங்கில் மெர்வின் ஆலம் என்ற 15 வயதுச் சிறுவனைச் சுறா தாக்கியது. படகில் இருந்த ஸ்டான்லி கிப்ஸ் என்ற இளைஞர் அங்கிருந்தபடியே சுறாவின் மேல் பாய்ந்தார். கையாலும் காலாலும் அடித்து அதை விலக்கிச் சிறுவனை மீட்டார். அந்தச் சிறுவனும் காயங்களால் இறந்துபோனான். கிப்ஸுக்கும் ஆல்பர்ட் பதக்கம் கிடைத்தது.

மட்டவான் ஓடையில் மாண்டவர்

மீட்கப் போனவரே பலியான சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. 1916 ஜூலை மாதம் நியூஜெர்சி கரையோரம் கடும் வெப்பத்தில் தவித்தது. கூடவே குழந்தைகளை முடக்கும் போலியோவும் பரவியிருந்ததால், நகரங்களை விட்டு மக்கள் கடற்கரைகளுக்கு வந்து குவிந்தார்கள். ஜூலை 1 அன்று பீச் ஹேவனில் சார்லஸ் வேன்சன்ட் என்ற இளைஞர் இறந்தார். ஜூலை 6 அன்று ஸ்பிரிங் லேக்கில் சார்லஸ் புரூடர் என்ற ஹோட்டல் ஊழியர் இறந்தார். ‘கடலில் சிவப்புப் படகு கவிழ்ந்து கிடக்கிறது’ என்று கரையிலிருந்து ஒரு பெண் கத்தினார். உயிர்காப்பாளர்கள் படகோட்டிப் போனபோதுதான் அந்தச் சிவப்பு புரூடரின் ரத்தம் என்று தெரிந்தது.

இவற்றையெல்லாம் விடக் கொடுமையானது ஜூலை 12 அன்று நடந்தது. அந்த இடம் கடற்கரைகூட அல்ல, கடலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த மட்டவான் என்ற சிற்றூரின் ஓடை. ஓடைக்குள் பெரிய சுறா ஒன்று போவதைத் தாமஸ் காட்ரெல் என்ற ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் பாலத்திலிருந்து பார்த்தார். ஊருக்குள் ஓடிப்போய்ச் சொன்னார். யாரும் நம்பவில்லை. ஓடையில் சுறா எப்படி வரும்?

அன்று பிற்பகல், நண்பர்களோடு குளித்துக்கொண்டிருந்த 11 வயது லெஸ்டர் ஸ்டில்வெல் நீருக்குள் இழுக்கப்பட்டான். மற்ற சிறுவர்கள் உடையைக்கூட எடுக்காமல் கூவிக்கொண்டே தெருவில் ஓடிவந்தார்கள். தையல் கடை நடத்திவந்த 24 வயது ஸ்டான்லி ஃபிஷர் கடையிலிருந்து ஓடினார். லெஸ்டருக்கு வலிப்பு நோய் உண்டு என்பதால் நீரில் வலிப்பு வந்திருக்கும் என்று பலரும் நினைத்தார்கள். சுறா என்ற பேச்சும் காற்றில் இருந்தது. ஃபிஷர் மூழ்கி மூழ்கித் தேடினார். சிறுவனின் உடலைக் கண்டெடுத்துக் கொண்டுவரும்போது சுறா அவருடைய தொடையைக் கவ்வியது. ஊரே கரையில் நின்று பார்த்தது. அவரை ரயிலில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அன்று மாலையே அவர் உயிர் பிரிந்தது.

ஃபிஷர் தாக்கப்பட்ட அடுத்த அரை மணி நேரத்துக்குள் ஓடையின் கீழ்ப்பகுதியில் ஜோசப் டன் என்ற இன்னொரு சிறுவனின் காலைச் சுறா பற்றியது. அவனுடைய அண்ணனும் நண்பனும் கையைப் பிடித்து ஒருபுறம் இழுக்க, சுறா மறுபுறம் இழுத்தது. மனிதர்கள் வென்றார்கள், ஜோசப் பிழைத்தான். அந்தப் பன்னிரண்டு நாட்களில் தாக்கப்பட்ட ஐவரில் உயிரோடு மீண்டவன் அவன் ஒருவனே.

கேப்டன் காட்ரெலின் எச்சரிக்கையை ஊர் கேட்டிருந்தால் ஃபிஷரின் தியாகத்துக்கே தேவை வந்திருக்காது. மட்டவான் சொல்லும் பாடம் இதுதான்.

திரும்பிப் போன மாணவி

1959 மே 7. சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தை அடுத்த பேக்கர் கடற்கரை. கல்லூரி மாணவர்களான ஆல்பர்ட் கோக்லர், ஷெர்லி ஓ'நீல் இருவரும் நீந்திக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் வயது 18. வெள்ளைச் சுறா ஒன்று கோக்லரைத் தாக்கியது. அந்த வேதனையிலும் அவர் ஷெர்லியைக் கரைக்குத் தப்பிப் போகும்படி கத்தினார். ஷெர்லி கரையை நோக்கி நீந்தத் தொடங்கி, பின் மனம் கேட்காமல் திரும்பினார்.

கோக்லரின் கையைப் பிடித்து இழுக்க முயன்றபோது அது தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவருடைய முதுகைச் சுற்றி அணைத்துக்கொண்டு நீந்தினார். சுறா எங்கே இருக்கிறது, எப்போது திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியாது. கரை சேர்ந்ததும், நண்பர் பிழைப்பது கடினம் என்று உணர்ந்தார். கடல்நீரை அள்ளி அவர் நெற்றியில் தெளித்துத் தம் மத வழக்கப்படி ஞானஸ்நானம் செய்வித்தார். சில மணி நேரத்தில் கோக்லர் இறந்தார். ஷெர்லிக்கு இளம் அமெரிக்கர்களுக்கான வீரப் பதக்கம் வழங்கப்பட்டது.

காக்லனும் ஆலமும் கோக்லரும் பிழைக்கவில்லை. அப்படியானால் மீட்கப் போனவர்களின் துணிச்சல் வீணா? ஒருபோதும் இல்லை. ஒரு மனிதர் தன் கடைசி நேரத்தைத் தனியாக நடுக்கடலில் கழிக்கவில்லை. அவருடைய உடல் பெற்றோரிடம் வந்து சேர்ந்தது. யாரோ தனக்காக வந்தார் என்பதை அவர் அறிந்திருந்தார். இதை வெற்றி தோல்விக் கணக்கில் அளக்க முடியாது.

ஒரு கரை முழுவதும் சேர்ந்தபோது

பலர் சேர்ந்து ஓர் உயிரைப் பிடித்து நிறுத்திய சம்பவங்களும் உண்டு. 1966 பிப்ரவரி 26 அன்று ஆஸ்திரேலியாவின் கோல்டேல் கடற்கரையில் ரேமண்ட் ஷார்ட் என்ற 13 வயதுச் சிறுவனின் காலை வெள்ளைச் சுறா ஒன்று கவ்வியது. ரேமண்ட் ஜாய்ஸ் என்ற உயிர்காப்பாளர் முதலில் போய்ச் சேர்ந்தார். சிறுவனை இழுத்தால் அவன் வரவில்லை. அப்போதுதான் சுறா இன்னும் காலை விடவில்லை என்பது புரிந்தது. மற்ற உயிர்காப்பாளர்களும் ஓடிவந்தார்கள். சிறுவனையும் சுறாவையும் சேர்த்தே தூக்கிக் கரையில் போட்டு, அதன் தாடையை நெம்பித் திறந்து காலை விடுவித்தார்கள். சிறுவன் பிழைத்தான்.

2001 ஜூலை 6 அன்று புளோரிடா மாநிலம் பென்சகோலா அருகே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கையைக் காளைச்சுறா துண்டித்தது. அவனுடைய மாமா வான்ஸ் ஃபிளோசன்சியர் சுறாவின் வாலைப் பிடித்து, ஏழடி நீளமுள்ள அதைக் கரைக்கே இழுத்துவந்தார். உறவினர்களும் கடற்கரைக்கு வந்திருந்தவர்களும் துண்டுகளால் காயத்தை அழுத்திக் கட்டி, மூச்சு கொடுத்துச் சிறுவனைப் பிடித்துவைத்தார்கள். பூங்காக் காவலர் சுறாவைச் சுட்டார். அதன் தொண்டையிலிருந்து கையை எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மருத்துவர்கள் அதை மீண்டும் பொருத்தினார்கள். ரத்த இழப்பால் மூளை பாதிக்கப்பட்டாலும் சிறுவன் உயிரோடு மீண்டான். மாமா, உறவினர், காவலர், மருத்துவர் என்ற இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அவன் இருந்திருக்க மாட்டான்.

2015இல் உலகமே ஒரு காட்சியை நேரலையில் பார்த்தது. தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பே அலைச்சறுக்குப் போட்டியின் இறுதிச்சுற்றில் ஆஸ்திரேலிய வீரர் மிக் ஃபேனிங்குக்குப் பின்னால் சுறாவின் துடுப்பு எழுந்தது. அடுத்த நொடி அவர் பலகையிலிருந்து தள்ளப்பட்டார். அவரோடு போட்டியிட்ட ஜூலியன் வில்சன் கரைக்குத் திரும்பவில்லை. தம் பலகையில் படுத்து ஃபேனிங்கை நோக்கித் துழாவிப் போனார். மீட்புப் படகும் விரைந்து வந்தது. இருவரும் காயமின்றித் திரும்பினார்கள்.

சுறா ஏன் கடிக்கிறது?

உலகில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. மனிதர்களுக்குப் பெரும்பாலான உயிரிழப்புகளை ஏற்படுத்துபவை மூன்றே இனங்கள்: வெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச்சுறா. இவற்றில் காளைச்சுறா நன்னீரிலும் வாழக்கூடியது, ஆறுகளில் வெகுதூரம் ஏறிவரும். மட்டவான் ஓடைக்குள் வந்தது காளைச்சுறாவா வெள்ளைச் சுறாவா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை.

புளோரிடா பல்கலைக்கழகம் பராமரிக்கும் பன்னாட்டுச் சுறாத் தாக்குதல் பதிவேட்டின்படி 2024இல் மனிதர் சீண்டாமல் நடந்த தாக்குதல்கள் உலகம் முழுவதும் 47. வழக்கமான ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை அறுபது, எழுபதைத் தொடும். ஆண்டுதோறும் கோடிக்கணக்கானோர் கடலில் இறங்குகிறார்கள் என்பதோடு இதை ஒப்பிட்டால் ஆபத்து எவ்வளவு சிறியது என்று விளங்கும். மறுபக்கம், மீன்பிடிப்பில் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் சுறாக்கள் சாகின்றன.

கலங்கிய நீரில் காலும் கையும் அசைவதை இரை என்று நினைத்துக் கடித்துப் பார்ப்பதும், கடித்தபின் விட்டுவிட்டுப் போவதும் பல சம்பவங்களில் காணப்பட்டிருக்கின்றன. ஆனால் பெரிய சுறாவின் ஒரே கடி மனிதருக்குப் போதும். பெரும்பாலும் உயிரைப் பறிப்பது ரத்த இழப்பு. கடித்த ஆளை விட்டுவிட்டு மீட்க வந்தவர் மீது சுறா திரும்புவது அரிது என்பதும் பதிவுகளிலிருந்து தெரியவந்திருக்கிறது. ஸ்டான்லி ஃபிஷர் அந்த அரிதானவர்களில் ஒருவர். சால்மர்ஸும் கிப்ஸும் ஷெர்லியும் குதித்தபோது இந்த ஆராய்ச்சி எதுவும் அவர்கள் கையில் இல்லை. தாங்களும் கடிபடக்கூடும் என்று நினைத்தே அவர்கள் போனார்கள்.

தம்பிக்காகத் தண்ணீரைத் தட்டிய அண்ணன்

2006 ஆகஸ்ட் 13. கேப் டவுன் அருகே மூசன்பெர்க் கடற்கரை. அக்மத் ஹாசிம், அவருடைய தம்பி தாரிக், நண்பர்கள் ஆகியோர் உயிர்காப்புப் பயிற்சியில் இருந்தார்கள். நீரில் மிதப்பவர்களைப் படகு வந்து மீட்க வேண்டும் என்பதே பயிற்சி. ஒரு பெரிய வெள்ளைச் சுறா தாரிக்கை நோக்கிப் போவதை அக்மத் பார்த்தார். படகு தம்பியை எட்டுவதற்குள் சுறா எட்டிவிடும் என்று தெரிந்தது. சுறாவின் கவனத்தைத் தன் பக்கம் திருப்பத் தண்ணீரை ஓங்கித் தட்டினார்.

சுறா திரும்பியது. தாரிக்கைப் படகு ஏற்றிக்கொண்டது. அக்மத்தின் வலது காலைக் கவ்விய சுறா அவரை நீருக்குள் இழுத்துச் சென்றது. மறு காலால் உதைத்துப் போராடி அவர் மேலே வந்தபோது, நீட்டிய கையைப் பிடித்துப் படகில் இழுத்துப் போட்டது தாரிக்தான். முழங்காலுக்குக் கீழே வலது கால் போய்விட்டது.

ஒரு காலை இழந்த தென்னாப்பிரிக்க நீச்சல் வீராங்கனை நடாலி டு டாய் மருத்துவமனைக்கே வந்து அவருக்கு ஊக்கம் தந்தார். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் அக்மத் வெண்கலம் வென்றார். அதன்பின் அவர் செய்ததுதான் மிகப் பெரியது. தன் காலைப் பறித்த உயிரினத்தைக் காக்க வேண்டும் என்று நாடு நாடாகப் பேசிவருகிறார்.

இந்த மனமாற்றம் அவரோடு தொடங்கவில்லை. 1963இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் வெள்ளைச் சுறாவிடம் கடிபட்டு, 462 தையல்களோடு பிழைத்தவர் ராட்னி ஃபாக்ஸ். நீருக்குள் இரும்புக் கூண்டில் நின்று சுறாக்களைப் பார்க்கும் முறையை வடிவமைத்து, பிற்காலத்தில் அவற்றின் பாதுகாப்புக்காக உழைத்தார். ‘ஜாஸ்’ நாவலை 1974இல் எழுதி உலகுக்கே சுறாப் பயத்தை ஊட்டிய பீட்டர் பெஞ்ச்லியும் தம் பிற்காலத்தைச் சுறாக்களுக்காகப் பேசுவதில் செலவிட்டார். பழிவாங்கும் உரிமை தனக்கு உண்டு என்று உலகமே ஒப்புக்கொள்ளும்போது அதை வேண்டாம் என்று சொல்வதும் வீரமே.

மலையிலிருந்து ஒரு கண்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில் 1957 டிசம்பரிலிருந்து சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து நடந்த தாக்குதல்களை அந்நாட்டவர் ‘கறுப்பு டிசம்பர்’ என்றே நினைவுகூர்கிறார்கள். டர்பனில் 1952லேயே வலை போடப்பட்டிருந்தது. இந்தத் தாக்குதல்களுக்குப் பின் அது மற்றக் கடற்கரைகளுக்கும் பரவியது. வலைகள் மனித உயிர்களைக் காத்தன. ஆனால் அவை கரையை முழுவதுமாக மூடும் சுவர்கள் அல்ல, சுறாக்களைப் பிடித்துக் குறைக்கும் பொறிகள். அவற்றில் ஆமைகளும் டால்பின்களும் திருக்கைகளும் சிக்கிச் சாகின்றன.

கேப் டவுன் வேறு வழி கண்டது. 2004இல் மூசன்பெர்க், ஃபிஷ் ஹோக் பகுதிகளில் சுறாக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. கடலை ஒட்டிய மலைச்சரிவில் ஒருவர் தொலைநோக்கியோடு அமர்ந்திருப்பார். நீரில் சுறாவின் நிழல் தெரிந்தால் கரையில் இருப்பவருக்கு வயர்லெஸ்ஸில் சொல்வார். சங்கு ஒலிக்கும். எல்லாரும் கரையேற வேண்டும். பச்சைக் கொடி என்றால் நீர் தெளிவு, சுறா இல்லை. கறுப்புக் கொடி என்றால் நீர் கலங்கல், சரியாகத் தெரியவில்லை. சிவப்பு என்றால் எச்சரிக்கை. சுறாப் படம் போட்ட வெள்ளைக் கொடி என்றால் உடனே வெளியேற வேண்டும்.

எந்தத் திட்டமும் முழுக் காப்பு ஆகாது. அக்மத் தாக்கப்பட்டது இத்திட்டம் தொடங்கிய பிறகுதான். ஆனாலும் சுறாவையும் கொல்லாமல் மனிதரையும் காக்கும் முயற்சி இது. 1916இல் காட்ரெல் பாலத்திலிருந்து தனியாகச் செய்ததை இங்கே ஊர் சம்பளம் கொடுத்துச் செய்கிறது.

நம் கடலில்

நம் பரதவர்களுக்குச் சுறா புதிதல்ல. சுறா தாக்கிய புண் ஆறியதும் மீண்டும் கடலுக்குப் போன தந்தையைப் பற்றிக் குறுந்தொகை பேசுகிறது. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன ‘கடல்கட்டி’ கரையில் இருந்தால்தான் குளியாளிகள் நீரில் இறங்குவார்கள். அதனால் ஆங்கிலேய அரசே கடல்கட்டிகளுக்குச் சம்பளம் கொடுத்தது. மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, உயிரைக் கையில் பிடித்து மூழ்குபவர்களுக்குத் தைரியம் தேவைப்பட்டது.

இன்று நம் கடற்கரைகளில் குளிப்பவர்களுக்குச் சுறாவால் ஆபத்து மிக மிகக் குறைவு. உயிரைக் குடிப்பது அலையும் நீரோட்டமும்தான். ஒருவர் மூழ்குவதைப் பார்த்து இன்னொருவர் குதித்து இருவரும் மூழ்கிய செய்தியை ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் படிக்கிறோம். அந்தத் துணிச்சலை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் சால்மர்ஸ்கூடக் கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் குதித்தார். கயிறு, மிதவை, உயிர்காப்பாளர், எச்சரிக்கைக் கொடி ஆகியவை மக்கள் குளிக்கும் ஒவ்வொரு கடற்கரையிலும் இருக்க வேண்டும். அரசும் உள்ளாட்சிகளும் இதைச் செலவாகக் கருதக் கூடாது, கடமையாகக் கருத வேண்டும்.

வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். ரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். காயத்தின் மீது சுத்தமான துணியை வைத்து முழு பலத்தோடு அழுத்துவது, கை கால் காயம் என்றால் அதற்கு மேலே இறுக்கிக் கட்டுவது, உதவி வரும்வரை விடாமல் பிடித்திருப்பது. சுறாக் கடியில் உயிரைக் காத்த இதே முறைதான் நெடுஞ்சாலை விபத்திலும் காக்கும். முதலுதவிப் பயிற்சி ஒருநாளில் முடிந்துவிடும். உங்கள் வீட்டில் ஒருவராவது அதைக் கற்றிருக்கட்டும். பள்ளிகளில் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கும்படி கேளுங்கள்.